தொடக்கம் கற்காத வெற்றியாளர்

சதுரங்கம் ஆடத் தெரிந்த எவருக்கும் இத்தாலியத் தொடக்கம் என்ற பெயர் புதிதாக இருக்காது. ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் பாயும். குதிரை வெளியே வரும். அடுத்து மந்திரி மூலைவிட்டமாக வந்து, எதிரி ராஜாவின் பக்கத்தில் உள்ள பலவீனமான சிப்பாயைக் குறிவைத்து நிற்கும். பள்ளிச் சதுரங்கக் கழகங்களில் முதல் சில வாரங்களிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இதைப்போல் நூற்றுக்கணக்கான தொடக்கங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு ஒரு நாட்டின் பெயரோ, ஊரின் பெயரோ, வீரரின் பெயரோ சூட்டப்பட்டிருக்கிறது. போட்டிகளில் ஆடுபவர்கள் முதல் பத்து நகர்வுகளைப் பெரும்பாலும் யோசித்து ஆடுவதில்லை. முன்னோர் யோசித்து எழுதி வைத்ததை மனத்தில் பதித்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

அந்த மனப்பாடம் இல்லாத ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும்? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகக் கொடுத்தவர் சுல்தான் கான். பஞ்சாபில் பிறந்த இவர், ஐரோப்பாவில் ஆடியது 1929க்கும் 1933க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டுமே. அதற்குள் மூன்று முறை பிரிட்டிஷ் வெற்றியாளர் ஆனார். முன்னாள் உலக வெற்றியாளரான காப்பாபிளாங்காவை வீழ்த்தினார். பிறகு ஊர் திரும்பி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்து மறைந்தார். விஸ்வநாதன் ஆனந்தை அறிந்த நம் மாணவர்களில் பலர் இவரை அறிந்திருக்க மாட்டார்கள். எனவேதான் இக்கட்டுரை.

தந்தை கற்றுத் தந்த ஆட்டம்

இன்றைய பாகிஸ்தானில், குஷாப் நகருக்கு அருகில் உள்ள மித்தா திவானா என்ற ஊரில் சுல்தான் கான் பிறந்தார். பிறந்த ஆண்டு 1905 என்றே நீண்ட காலம் எழுதி வந்தார்கள். 1903 என்று கூறுவோரும் உண்டு. தந்தை சமயப் பெரியவராக மதிக்கப்பட்டவர். சுமார் ஒன்பது வயதில் தந்தையிடமே சதுரங்கம் கற்றார் சுல்தான் கான். இருபத்தோரு வயதளவில் பஞ்சாபின் சிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றார்.

ஆனால் அவர் கற்றது நாம் ஆடும் சதுரங்கம் அன்று.

நான் வசிக்கும் கேலாங்கில் இதை விளக்குவது எளிது. மாலை வேளைகளில் காப்பிக் கடை மேசைகளிலும் புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் சீன முதியவர்கள் சதுரங்கம் ஆடுவதைப் பார்க்கலாம். அவர்களின் பலகை நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அவர்களின் யானை அந்த ஆற்றைக் கடக்காது. பீரங்கி என்று நமக்குப் பழக்கமில்லாத ஒரு காயும் உண்டு. மலாய்க்காரர்களோ சதுரங்கத்தைச் சாத்துர் என்கிறார்கள். சதுரங்கம் என்ற சொல்லே கடல் கடந்து அப்படி உருமாறியிருக்கிறது. ஊருக்கு ஊர் விதிகளை மாற்றிக்கொண்டேதான் இந்த விளையாட்டு உலகைச் சுற்றி வந்தது.

சுல்தான் கான் கற்ற இந்திய முறையிலும் அப்படிச் சில வேறுபாடுகள் இருந்தன. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் பாய முடியாது. ராஜாவையும் கோட்டையையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் ‘கோட்டை கட்டுதல்’ கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போல் தாவலாம். கடைசி வரிசையை அடையும் சிப்பாய் விரும்பிய காயாக மாற முடியாது. எந்தக் கட்டத்தை அடைகிறதோ அந்தக் கட்டத்துக்கு உரிய காயாகத்தான் மாறும்.

பார்க்கச் சிறிய வேறுபாடுகள்தாம். ஆனால் சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நகரும் ஆட்டத்தில் இரு படைகளும் உடனே மோதிக்கொள்வதில்லை. ஆட்டம் மெல்லத் தொடங்கும். முதல் பத்து நகர்வுக்குள் எதிரியை மடக்கிவிடும் பொறிகளுக்கு அங்கே இடம் குறைவு. பொறுமையும் நடு ஆட்டத்தைப் படிக்கும் கண்ணும் இறுதி ஆட்டத்தில் பிசகாத கணக்கும்தான் தேவை. சுல்தான் கானிடம் பின்னாளில் ஐரோப்பியர்கள் கண்டு வியந்த குணங்கள் இவையே.

எழுதி வைத்தவர்கள்

அவரிடம் இல்லாதது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள நாம் சற்று இத்தாலிக்குப் போக வேண்டும்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சதுரங்கம் பெரிதும் மாறியது. அதுவரை ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த ராணி, பலகை முழுவதும் ஓடக்கூடிய காயாயிற்று. மந்திரியின் வீச்சும் நீண்டது. ஆட்டம் வேகமெடுத்தது. இரண்டு தவறான நகர்வுகளில் தோற்றுப்போகலாம் என்ற நிலை வந்தபோது, முதல் நகர்வுகளை ஆராய வேண்டிய தேவையும் வந்தது. போர்த்துகீசியரான தமியானோவின் நூல் 1512இல் ரோம் நகரில் அச்சானது. 1575இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் அவையில், கலாப்ரியாவைச் சேர்ந்த லியோனார்தோ என்ற இத்தாலியர், புகழ்பெற்ற ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபெஸை வென்றார்.

அதே கலாப்ரியாவில் 1600ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் ஜோவாக்கீனோ கிரேக்கோ. ஏழைக் குடும்பத்தவர். ரோம், நான்சி, பாரிஸ், லண்டன், மத்ரித் என்று அரண்மனை அரண்மனையாகச் சென்று சதுரங்கம் ஆடியே பொருள் ஈட்டியவர். சென்ற இடங்களிலெல்லாம் தம்மை ஆதரித்த செல்வந்தர்களுக்குத் தொடக்க ஆட்டங்களைக் கையேடுகளாக எழுதிக் கொடுத்தார். அதுவரை பலர் சில நகர்வுகளை மட்டும் குறித்து வைத்தார்கள். கிரேக்கோ முதல் நகர்விலிருந்து மடக்குவது வரை முழு ஆட்டங்களாகவே எழுதினார். அவர் சுமார் 1634இல் மறைந்தார். ஆனால் 1656இல் அவருடைய ஆட்டங்கள் லண்டனில் நூலாக வெளிவந்தன. அதன்பின் பல தலைமுறையினர் அவற்றைப் படித்தே ஆடக் கற்றார்கள்.

ஆக, ஐரோப்பிய வீரர் ஒருவர் பலகையின் முன் அமரும்போது அவருக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு எழுத்து இருந்தது. இந்தியாவில் ஆட்டம் இருந்தது, ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் ஆடிய இடத்திலேயே கரைந்துபோயின.

லண்டன்

பஞ்சாபின் பெரும் நிலவுடைமையாளர்களில் ஒருவர் சர் உமர் ஹயாத் கான் திவானா. சதுரங்கத்தில் பெரும் விருப்பம் கொண்டவர். சுல்தான் கானின் திறமையைக் கண்டு, உதவித்தொகையும் தங்குமிடமும் கொடுத்துத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். ஐரோப்பிய விதிகளையும் கற்கச் செய்தார். 1928இல் டெல்லியில் நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்று, ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றார்.

1929 வசந்த காலத்தில் சர் உமர் லண்டன் சென்றார். இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சரின் ஆலோசனை மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. சுல்தான் கானும் உடன் சென்றார். அங்கே அவருக்காக ஒரு சிறு பயிற்சிப் போட்டி ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் அவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். வில்லியம் வின்டர், ஃபிரெடெரிக் யேட்ஸ் போன்ற அனுபவசாலிகளின் தொடக்க ஆட்டங்களுக்கு அவரிடம் விடை இல்லை. பின்னர் அந்த இருவருமே அவருக்குப் பயிற்சி அளித்தார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு என் பதின்மூன்றாம் வயது நினைவுக்கு வந்தது. மலேசியாவில் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் கால் வைத்த நேரம் அது. முக்கோணத்தின் பரப்பளவைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்; ஆனால் கேள்வியில் இருந்த மலாய்ச் சொற்கள் தெரியாது. முதல் சில மாதங்களுக்கு வகுப்பில் பின்தங்கியவர்கள் என்ற வரிசையில்தான் எங்களில் பலர் இருந்தோம். கணக்கு அதே கணக்குத்தான். அதற்குள் நுழையும் வாசல்தான் வேறு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நண்பர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். தொடக்கத்தில் தடுமாறுகிறவரின் திறமையைத் தொடக்கத்தை வைத்தே அளந்துவிடக் கூடாது என்பதற்குச் சுல்தான் கானைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏனெனில் அடுத்த சில மாதங்களில், அதே 1929ஆம் ஆண்டின் கோடையில், ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் வெற்றியாளர் போட்டியில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். இங்கிலாந்தின் சதுரங்க உலகம் திகைத்தது.

காப்பாபிளாங்காவுடன் ஓர் ஆட்டம்

அந்த ஆண்டின் இறுதியில் ஊர் திரும்பியவர் 1930இல் மீண்டும் ஐரோப்பா வந்தார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தார்த்தகோவருக்கு அடுத்ததாக இரண்டாம் இடம். ஆண்டிறுதியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டி. 1921 முதல் 1927 வரை உலக வெற்றியாளராக விளங்கிய கியூபா நாட்டு வீரர் காப்பாபிளாங்கா அதில் கலந்துகொண்டார். எளிதில் தோற்காதவர் என்பதே அவருடைய அடையாளம்.

சுல்தான் கான் வெள்ளைக் காய்களோடு ஆடினார். காப்பாபிளாங்கா அதற்கு ஆடியது ராணியின் பக்கத்து இந்தியத் தற்காப்பு! இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் மகேஷ்சந்திர பந்தோபாத்தியாய் என்ற வங்காளி ஒருவர், ஜான் காக்ரன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். இந்திய முறையில் பழகியவர் என்பதால், குதிரைக்கு முன் உள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடத்தில் மந்திரியை வைத்து, தூரத்திலிருந்தே நடுப்பலகையைத் தாக்குவார். ஐரோப்பியர்களுக்கு இது விநோதமாகத் தோன்றியது. காக்ரன் அந்த ஆட்டங்களைக் குறித்து இங்கிலாந்துக்கு அனுப்பியதால் அவை பிழைத்தன. இந்தியத் தற்காப்பு என்ற பெயர் அப்படி வந்தது. மந்திரியை அவ்வாறு நிறுத்துவதற்கு உலகம் இன்று பயன்படுத்தும் சொல் ஃபியான்கெட்டோ. அது பக்கவாட்டைக் குறிக்கும் இத்தாலியச் சொல். பழக்கம் இந்தியருடையது, பெயர் இத்தாலியருடையது.

ஆக, ஹேஸ்டிங்ஸில் கியூபாக்காரர் இந்தியத் தற்காப்பு ஆட, இந்தியர் அதை எதிர்த்து ஆடினார். ஐந்தாம் நகர்வில் சுல்தான் கான் ராணியின் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். சாதாரணப் பார்வைக்கு நேரத்தை வீணாக்கும் நகர்வு. ஆனால் எதிரியின் மந்திரி வந்து தம் குதிரையைக் கட்டிப்போடுவதை அது தடுத்துவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் உலக வெற்றியாளர் பெட்ரோசியன் இதே அமைப்பை விரும்பி ஆடினார். 1980களில் காஸ்பரோவும் அதைக் கொண்டு பல வெற்றிகளைப் பெற்றார். இன்று நூல்களில் அதற்குப் பெட்ரோசியன் முறை என்று பெயர். சுல்தான் கான்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று நான் வாதிட வரவில்லை. தொடக்கம் தெரியாதவர் என்று சொல்லப்பட்டவரின் கை, பின்னாளில் நூலேறிய ஓர் இடத்துக்குத் தானாகவே போயிருக்கிறது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

65 நகர்வுகள் நீடித்த அந்த ஆட்டத்தில் காப்பாபிளாங்கா தோற்றார். போட்டியில் டச்சு வீரர் யூவே முதலிடமும் காப்பாபிளாங்கா இரண்டாம் இடமும் சுல்தான் கான் மூன்றாம் இடமும் பெற்றனர்.

1931இல் தார்த்தகோவருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட தனிப்போட்டி. நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து சமன் என்று சுல்தான் கான் வென்றார். அதே ஆண்டில் பிராக் நகரில் நடந்த ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதல் பலகையில் ஆடினார். ஃபுளோரையும் ரூபின்ஸ்டைனையும் தோற்கடித்தார். அப்போதைய உலக வெற்றியாளர் அலெஹினுடன் சமன் செய்தார். 1932இலும் 1933இலும் மீண்டும் பிரிட்டிஷ் வெற்றியாளர் ஆனார். 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றவர், சர் உமரின் இல்லத்திலேயே வாழ்ந்த பாத்திமா என்ற இந்தியப் பெண். ஒரே ஆண்டில், ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு இந்தியர்கள் பிரிட்டனின் இரு பட்டங்களையும் வென்றார்கள்.

இவ்வளவும் நோயோடு போராடியபடி நடந்தவை. இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவும் சளியும் தொண்டை நோயும் அவரை மாறி மாறி வாட்டின.

பணியாளரா?

சுல்தான் கானைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவரை எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்றே சித்திரித்தார்கள். அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் எழுதிய நினைவுக்குறிப்பு ஒன்று இதற்கு முக்கியக் காரணம். 1933இல் அமெரிக்க அணியினர் சர் உமரின் லண்டன் இல்லத்துக்கு விருந்துக்குப் போனார்களாம். அங்கே தங்களுக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கான் என்று கண்டு சங்கடப்பட்டார்களாம்.

2020இல் அவரைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்று தலைப்பிலேயே வேலைக்காரர் என்ற சொல்லைத் தாங்கி வந்தபோது, அவருடைய குடும்பத்தினர் மறுத்தார்கள். அவர்கள் நிலம் வைத்திருந்த, மதிப்புள்ள குடும்பத்தவர் என்றும் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்றும் வரலாறு படித்த அவருடைய பேத்தி எடுத்துரைத்தார்.

என் கருத்து இது. விருந்தாளிக்குத் தன் கையால் பரிமாறுவது நம் ஊர்களில் ஏவலாளின் வேலை மட்டுமன்று. வீட்டைச் சேர்ந்தவர் காட்டும் மரியாதையும் ஆகும். அமெரிக்கர் கண்ணுக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருக்கலாம். அதே நேரத்தில், சர் உமரின் தயவில்தான் அவர் ஐரோப்பாவில் இருந்தார் என்பதையும் மறுக்க முடியாது. சர் உமர் வந்தபோது வந்தார். 1933 டிசம்பரில் சர் உமர் இந்தியா திரும்பியபோது அவரும் திரும்பினார். ஐரோப்பாவில் இருந்து மேலும் பத்து ஆண்டுகள் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று. அவர் தம்மைப் பற்றி ஒரு நூலும் எழுதவில்லை. அதனால் பிறர் எழுதியதே அவர் வாழ்க்கை ஆகிவிட்டது. குடும்பத்தார் மறுத்துப் பேச, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

பட்டம் வந்த காலம்

இந்தியா திரும்பியபின் 1935இல் காதில்கர் என்ற வீரருடன் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்பதை வென்றார், ஒன்று சமன். அதன்பின் பெரிய போட்டிகளில் அவரைக் காண முடியவில்லை. 1944இல் சர் உமர் மறைந்தார். 1947இல் நாடு பிரிந்தது. சுல்தான் கானின் ஊர் பாகிஸ்தானில் அமைந்தது. அவர் விவசாயத்தைக் கவனித்து வந்தார். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பயிற்றுவிக்கவில்லை. வாழ்க்கைக்கு இன்னும் பயனுள்ள எதையாவது செய்யுங்கள் என்று அவர்களிடம் கூறியதாக மூத்த மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். 1966 ஏப்ரல் 25ஆம் நாள் சர்கோதாவில் காலமானார்.

1950இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 27 பேருக்கு வழங்கியது. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது வழங்கப்படவில்லை. 1930களின் தொடக்கத்திலேயே ஓய்வு பெற்றுவிட்ட ரூபின்ஸ்டைனுக்கும் பழைய சாதனைகளுக்காகக் கிடைத்தது. தார்த்தகோவர், ஃபுளோர் ஆகியோரும் அப்பட்டியலில் இருந்தார்கள். மூவருமே சுல்தான் கானிடம் தோற்றவர்கள். அவர் அப்போது உயிரோடு, ஐம்பது வயதைக்கூட எட்டாமல் இருந்தார். அவருக்கு எந்தப் பட்டமும் வழங்கப்படவில்லை.

அந்தக் குறை 2024 பிப்ரவரியில்தான் தீர்ந்தது. சம்மேளனத்தின் தலைவர் பாகிஸ்தானுக்குச் சென்று, சுல்தான் கானுக்கு மறைவுக்குப் பின்னான கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அறிவித்தார். பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் அவர்தான். அவர் இறந்து ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் நம் சிங்கப்பூரின் செந்தோசாவில் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் உலக வெற்றியாளர் ஆனதை நாம் கொண்டாடினோம். குகேஷின் பின்னால் பயிற்சியாளர்களும் கணினிகளும் ஆண்டுக்கணக்கான தொடக்க ஆய்வும் இருந்தன. இருக்க வேண்டியவைதான். சுல்தான் கானுக்கு அவை பெரும்பாலும் இல்லை. இருவரையும் ஒப்பிட்டு யார் பெரியவர் என்று கேட்பது வீண். திறமை நம் மண்ணில் என்றுமே இருந்தது. அதற்குப் பின்னால் நிற்கும் எழுத்தும் அமைப்பும்தான் தாமதமாக வந்தன என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

கிரேக்கோவும் செல்வந்தர்களின் தயவில் வாழ்ந்தவர்தான். ஆனால் அவர் எழுதினார். அவர் பெயர் நிலைத்தது. நம்மிடையே ஆடுபவர்கள், பாடுபவர்கள், சமைப்பவர்கள், மருந்து சொல்பவர்கள் எத்தனையோ பேர் தாத்தா பாட்டிகளாக வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது, தமிழ் படித்த நமக்குக் கடினமான வேலை அன்று.

சுல்தான் கானின் ஆட்டங்கள் எதிரிகளும் போட்டி நடத்தியவர்களும் குறித்து வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அடுத்த விடுமுறையில் ஒரு பலகையை எடுத்து வைத்து, காப்பாபிளாங்காவுடன் அவர் ஆடிய 65 நகர்வுகளையும் ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். ஐந்தாம் நகர்வில் அந்தச் சிறு சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போகும்போது சற்று நிறுத்தி யோசியுங்கள்.